பெரியப்பா நம்பர் எப்போதும் எங்கேஜ்ட்

எங்கள் வீட்டு டெலிபோனுக்குப் பூட்டு உண்டு. எண்களைச் சுழற்றும் தட்டின் துளையில் மாட்டிய சின்னப் பித்தளைப் பூட்டு. சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கும். அப்பா பெயிண்ட் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். கிடங்கின் பதினான்கு சாவிகளோடு பதினைந்தாவதாக அதுவும் தொங்கும். யாராவது எங்களைக் கூப்பிட்டால் பேசலாம். நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது.

"பேசினாத்தானே பில்லு? வர்றதைக் கேட்டுக்கிட்டிருந்தா எதுக்குப் பில்லு?" என்பது அப்பாவின் கொள்கை. கடந்த பதினோரு வருடங்களில் எங்களுக்கு ஒரு டெலிபோன் பில்கூட வந்ததில்லை. ஒரு கொள்கைக்கு இதைவிடப் பெரிய நிரூபணம் என்ன வேண்டும்? தெருவில் பத்துப் பேருக்காவது அப்பா இதை விளக்கியிருக்கிறார். அவர்களும் பூட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பில் வந்தது. "ஒழுங்காப் பூட்டியிருக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

பதினோரு வருடம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்னால் பெரியப்பாவும் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவர். ஒரு மாதம் டெலிபோன் பில் எக்கச்சக்கமாக வந்தது. நீதான் பேசினாய், நீங்கள்தான் பேசினீர்கள் என்று அண்ணன் தம்பி இருவரும் ஒரு பகல் முழுக்கக் கத்தினார்கள். சாயங்காலம் பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் படியிறங்கும்போது அப்பா பின்னாலிருந்து, "உங்களுக்காக இனிமே ஒரு சல்லிக்காசு செலவு பண்ண மாட்டேன்!" என்றார். பொதுவாகவே அப்பா யாருக்காகவும் சல்லிக்காசு செலவு பண்ணமாட்டார் என்பதால், அதைச் சபதம் என்று நாங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது அக்காவுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மாப்பிள்ளை பல் டாக்டர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். மற்றபடி நல்லவர். எல்லாம் சரியாக இருந்த நேரத்தில், அந்த வாரத் திங்கட்கிழமை அக்கா வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: "நான் பெரியப்பாவைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"என் முதல் கண்ணாடிக்கு லென்ஸ் அரைச்சவர் அவர். அதுக்கு முன்னாடி எனக்குக் கரும்பலகையே தெரியாது. சாட்சிக் கையெழுத்து அவர்தான் போடணும். அவர் வரலைன்னா நானும் போடமாட்டேன்."

"ஏம்மா, மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?" என்றாள் அம்மா.

"அவர்கிட்ட சொல்லிட்டேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கிட்டிருந்தார்."

"பெரியவர் என்ன சொன்னார்?"

"உங்கப்பன் கூப்பிட்டா வர்றேன்னார். நேர்ல வரணும்னு இல்ல, ஃபோன்ல கூப்பிட்டாலும் போதுமாம். நம்பர் கேட்டேன். 'அதை அவனே கண்டுபிடிக்கட்டும். நீ கொண்டுபோய்க் கொடுத்தா செல்லாது'ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சார். எதுக்குச் சிரிச்சார்னுதான் புரியல."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. அப்பாவுக்கு மகள்மேல் உயிர். அண்ணன்மேல் சபதம். இரண்டும் ஒரே முகத்தில் தெரிந்தன.

"நேர்ல போகணும்னா பஸ்ஸுக்குக் காசு" என்றார்.

"நடந்து போங்கப்பா" என்றேன்.

"ஊரோட அந்தக் கோடிடா. செருப்பு தேயுமே, அது யாரு காசு?" சற்று யோசித்தார். "ஃபோன்னா பரவாயில்ல. ரெண்டு அடி அடிச்சதும் வெச்சிடுவேன். அந்த மனுஷன் திருப்பிக் கூப்பிடட்டும்."

"அடிச்சது நீங்கதான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"வேற எவன்டா ரெண்டே ரெண்டு அடி அடிச்சிட்டு வைப்பான்?"

இனி நம்பர் மட்டும்தான் பாக்கி.

கல்லூரி வாசலில் யாரோ கையில் திணித்த ஒரு துண்டுத்தாள் என் பையில் இருந்தது. 'யார் எண்ணும் பத்தே நொடியில்! இன்றே அழையுங்கள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம் என்றும், முதல் இருபது நொடி இலவசம் என்றும் இருந்தது. அக்கா, "கட்டணத்தை நான் தர்றேன்ப்பா" என்றாள். அப்பா அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி டெலிபோன் பக்கத்தில் வைத்தார். பூட்டைத் திறந்தார்.

"இருபது நொடி இருக்கு. பத்து நொடியில நம்பர் தர்றேன்னு அவனே எழுதியிருக்கான். பத்து நொடி மிச்சம்."

டயலைச் சுழற்றினார். ஒரு பெண்குரல் வெண்ணெய் தடவினாற்போல் ஆரம்பித்தது. "வணக்கம். தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தங்கள் நேரத்தின் அருமையை நாங்கள்..." பத்தொன்பதாவது நொடியில் அப்பா வைத்தார். மறுபடி சுழற்றினார். மறுபடி அதே வரவேற்பு. மூன்றாம் தடவை, வரவேற்பு முடியும்வரை காத்திராமல் பெரியப்பா பெயரை உரக்கச் சொன்னார். ஐந்தாம் தடவை விலாசத்தையும் சேர்த்துக் கத்தினார்.

"அது டேப்புப்பா. நீங்க கத்துறது அதுக்குக் கேக்காது."

"மனுஷன் எப்போடா வருவான்?"

"இருபத்தொண்ணாவது நொடியில."

அப்பா ரிசீவரை வைத்துவிட்டுத் துண்டுத்தாளை ஒருவித மரியாதையோடு பார்த்தார். தன்னைவிடக் கெட்டிக்காரனைக் கண்டால் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"டெலிபோன் ஆபீஸ்லயே ஒரு தகவல் பிரிவு உண்டுடா. நம்பர் கேட்டா இலவசமாச் சொல்லுவாங்க. அந்த நம்பர் என்னன்னு நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வா."

செவ்வாய்க்கிழமை வகுப்பை வெட்டிவிட்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். நடந்துதான். விசாரணை மேஜையில் ஒரு குமாஸ்தா காகிதக் கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்து நீளமான சங்கிலி செய்துகொண்டிருந்தார்.

"சார், இலவசத் தகவல் பிரிவு நம்பர் வேணும்."

"நம்பர் வேணும்னா தகவல் பிரிவுக்கு ஃபோன் பண்ணிக் கேளுப்பா."

"அந்தப் பிரிவோட நம்பர்தான் சார் வேணும்."

"அதையும் அவங்ககிட்டதான் கேக்கணும். இங்க நாங்க நம்பர் சொல்றதில்ல."

"அவங்ககிட்ட கேக்க நம்பர் வேணுமே சார்."

அவர் சங்கிலியைக் கீழே வைத்து முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். குற்றம் என்னுடையது என்பது தெளிவாக இருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு எழுந்தார். "போர்டுல எழுதி வெச்சிருந்தோம். போர்டு பீரோவுக்குப் பின்னாடி போயிடுச்சு."

பீரோ தானாகப் போர்டின் முன்னால் வந்து நின்றுகொண்டதுபோலச் சொன்னார். இருவரும் தோள்கொடுத்து அந்த இரும்புப் பீரோவை நகர்த்தினோம். சுவரில், சிலந்திவலைக்குப் பின்னால், 'பொதுமக்கள் நலன் கருதி' என்று தொடங்கிய ஒரு பலகை இருந்தது. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். "குறிச்சிக்கிட்டியா? சரி, ஒரு கை பிடி" என்றார். பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளிவைத்தோம்.

அன்று மாலை அப்பா என் கையைப் பிடித்துப் பார்த்தபடி எண்ணைச் சுழற்றினார். இரண்டாவது மணியிலேயே ஓர் அம்மாள் எடுத்தார். வரவேற்பு எதுவும் இல்லை. "தகவல் பிரிவு, சொல்லுங்க" என்றார். அந்தக் குரல் எதிர்ச்சுவர் வரைக்கும் கேட்டது.

"இது இலவசம்தானேம்மா?"

"ஆமா சார்."

"முழுக்க இலவசமா, இல்ல முதல்ல கொஞ்சம் மட்டுமா?"

"முழுக்க சார். பேரைச் சொல்லுங்க."

அப்பா பெரியப்பா பெயரைச் சொன்னார். பதினோரு வருடங்களில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து அமைதியாக வந்தது அன்றுதான். முந்தின நாள் மூன்று தடவை கத்தியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரியப்பாவின் தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் சரிபார்த்துவிட்டு அந்த அம்மாள், "அந்த விவரத்துல ஒருத்தர்தான் இருக்கார், எழுதிக்குங்க" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அப்பா காகிதத்தில் எழுதி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நன்றி சொன்னா அதுக்கு ஏதாவது..."

"அதுவும் இலவசம் சார்."

"அப்போ நன்றிம்மா."

உடனே பெரியப்பா நம்பரைச் சுழற்றினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா முகம் சுருங்கியது. "எங்கேஜ்ட்" என்றார்.

கால் மணி கழித்துச் சுழற்றினார். எங்கேஜ்ட். படுக்கப்போகும் வரை அது எங்கேஜ்டாகவே இருந்தது.

புதன்கிழமை அப்பா கிடங்குக்கு லீவு போட்டார். அவர் லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைச் செலவாக அவர் கருதவில்லையா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு டெலிபோன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானத்துக்குள் முப்பது தடவையாவது சுழற்றியிருப்பார்.

"யார்கிட்டடா இப்படிப் பேசுறார் அந்த மனுஷன்? லென்ஸ் அரைக்கிறவனுக்கு ஊர்ல இவ்வளவு சிநேகிதமா?"

இடையில் சட்டையில் காபி சிந்திவிட்டது. அம்மா சட்டையைப் பிடுங்கித் துவைக்கப் போட்டாள். பையிலிருந்த காகிதம் நனையாமல் இருக்க நான் எடுத்தேன். பிரித்துப் பார்த்தேன். கல்லூரி விண்ணப்பங்களில் நான் இருபது தடவை எழுதிய எண் அது.

எங்கள் வீட்டு எண்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஊரில் எல்லா எண்களையும் மாற்றியிருந்தார்கள். அப்பா புதிய எண்ணைத் தெரிந்துகொள்ளவே இல்லை. அவர் எங்களைக் கூப்பிடப்போவதில்லை, பிறகெதற்கு? நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு துவைக்கும் கல்லடிக்கு ஓடினேன்.

அம்மா சோப்புக் கையோடு பார்த்தாள்.

"கனெக்‌ஷன் உங்க பெரியப்பா பேர்ல வாங்கினதுதான்டா. நாம மாத்தவே இல்ல, மறந்தே போச்சு."

"அப்பாகிட்ட சொல்லவா?"

"சும்மா இரு." சட்டையைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தாள். "அண்ணன் பேரைச் சொன்னாலே எழுந்து போற மனுஷன். இன்னிக்கிக் காலையில இருந்து அண்ணன் நம்பரையே சுத்திக்கிட்டு உக்காந்திருக்கார். சாயங்காலம் வரைக்கும் சுத்தட்டும். கையாவது பழகும்."

ஈரச் சட்டையைப் போலவே உண்மையையும் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மூன்று மணிக்கு மேல் அப்பாவின் பேச்சு மாறியது.

"இப்படிப் பேசினா பில்லு என்னாகும்? தனி ஆளு. தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்."

நான்கரை மணிக்கு, "டேய், ஒருவேளை ரிசீவர் கீழே விழுந்து கிடக்குமோ? அண்ணனுக்கு ஏற்கனவே தலைசுத்தல் உண்டு" என்றார்.

அந்த மனுஷன் அண்ணனானது எப்போது என்று அவரே கவனிக்கவில்லை. அக்கா என் விலாவில் இடித்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அப்பா தகவல் பிரிவைச் சுழற்றிவிட்டார்.

"அம்மா, நேத்து நீங்க ஒரு நம்பர் கொடுத்தீங்க." மனப்பாடமாகிவிட்டிருந்த எண்ணை ஒப்பித்தார். "விடாம எங்கேஜ்டா இருக்கு. அந்த வீட்டுல வயசான ஒருத்தர் தனியா இருக்கார். கொஞ்சம் என்னன்னு பாருங்கம்மா. இதுவும் இலவசம்தானே?"

"இலவசம்தான் சார். இருங்க, லைனை டெஸ்ட் பண்றேன்." ஏதோ கிளிக் கிளிக் என்றது. "லைன் நல்லா இருக்கு சார். ரிசீவரை எடுத்து யாரோ பேசிக்கிட்டிருக்காங்க."

"நல்லா பேசுறாங்களா? அப்போ உயிரோட இருக்கார். யார்கிட்ட பேசுறார்னு தெரியுமாம்மா?"

அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "என்கிட்டதான் சார்."

அப்பாவுக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் வாயைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் போல.

"அப்போ... அண்ணன் நம்பர்?"

"அவர் பேர்ல இந்த ஒரு கனெக்‌ஷன்தான் சார் இருக்கு. நீங்க இருக்கிற வீட்டுலதான் இருக்கு. பில் மட்டும் வேற விலாசத்துக்குப் போகுது. ஒழுங்காக் கட்டிக்கிட்டு வர்றார், ஒரு மாசம்கூட பாக்கி இல்ல."

"என்ன பில்லு? நாங்கதான் பேசறதே இல்லையே! பூட்டு போட்டிருக்கோம்மா!"

"வாடகை உண்டு சார். பேசினாலும் பேசலைன்னாலும்."

அப்பா ரிசீவரை வைத்தார். சுவரைப் பார்த்தார். பதினோரு வருடக் கொள்கை சுவரிலிருந்து காரை உதிர்வதுபோல் உதிர்வதை நாங்கள் மூவரும் மரியாதையாக வேடிக்கை பார்த்தோம்.

"ஏங்க..." என்றாள் அம்மா.

"சட்டை காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"பரவாயில்ல, கொடு" என்று ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டார். "டேய், கிளம்பு." டெலிபோனைப் பூட்ட மறந்துவிட்டார். நாங்கள் படியிறங்குவதற்குள் அக்கா பல் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பஸ்ஸில் அப்பா எனக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கினார். மாணவர் சலுகை கேட்கவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரியப்பா குடியிருந்தது அந்தக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு லென்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன்டா, வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"பண்ணினேன். எங்கேஜ்ட்" என்றார் அப்பா.

பெரியப்பாவின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்பா சிரிக்கவில்லை. மேஜைமேல் ஒரு நீளமான கம்பியில் பில்கள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. கம்பியின் நுனி வரை வந்திருந்தன.

"எதுக்குண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

"எப்படி?"

"பில்லை இங்க வரவெச்சு..."

"பில்லு வந்ததாலதானே சண்டை வந்துச்சு? அதான் போகும்போது பில்லை என்கூடவே எடுத்துட்டு வந்துட்டேன். உனக்கு ஃபோன் மட்டும் இருக்கட்டும்னு." லென்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாப்பாவுக்கு யாராவது கூப்பிட்டா வேணுமில்ல."

அப்பா கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதைத் தொட்டு எவ்வளவுன்னு கூட்டிப் பார்த்தே, வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். வந்த காரியத்தைச் சொல்லு."

"காரியம்தான் தெரியுமே. பதினோரு மணி. வந்து சேருங்க."

"இது கூப்பிடற மாதிரி இல்லையே. கிடங்குல டப்பா இறக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே தெருவை மிக ஆர்வமாகப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே... வாங்கண்ணே."

"வர்றேன்டா" என்றார் பெரியப்பா. "உன் சட்டை ஏன் ஈரமா இருக்கு?"

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கே பெரியப்பா பதிவு அலுவலகத்து வாசலில் நின்றிருந்தார். அக்காவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, "யாரு அரைச்சான் இதை? கோணலா இருக்கே" என்று திட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அழுதாள். கோணலான லென்சுக்கு அவ்வளவு அழத் தேவையில்லை.

உள்ளே பதிவாளரின் உதவியாளர், "படிவம் எதிர்க்கடையில விக்கும், வாங்கிட்டு வாங்க" என்றார். மாப்பிள்ளை சட்டென்று எழுந்து போனார். அப்பாவின் கண் சுவருக்குப் போனது. சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது. படிவங்கள் இலவசம் என்றது அது.

"அண்ணே, அங்க பாருங்க."

"பார்த்துட்டேன்டா. வா."

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதலில் உதவியாளரிடம் சட்டம் பேசினார்கள். பிறகு மாடிக்குப் போய் மேலதிகாரியிடம் பேசினார்கள். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிப்பது மாடிப்படி வழியே கீழே கேட்டது. இதற்குள் மாப்பிள்ளை எதிர்க்கடையில் படிவம் வாங்கிவந்து பூர்த்திசெய்து, தானும் கையெழுத்துப் போட்டு, அக்காவிடம் நீட்டினார். அக்கா மாடியை ஒருமுறை பார்த்தாள். பெரியப்பா வந்துவிட்டார், இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார் என்ற தைரியத்தில் போட்டுவிட்டாள்.

அண்ணனும் தம்பியும் வெற்றியோடு இறங்கிவந்தார்கள். அப்பா கையில் முத்திரையிட்ட ஒரு படிவம் இருந்தது.

"எல்லாரும் போட்டாச்சு. சாட்சி மட்டும் இங்க போடுங்க" என்றார் உதவியாளர்.

பெரியப்பா பேனாவைத் தொடவில்லை. "நான் பார்க்காததுக்கு எப்படிய்யா சாட்சி போடுறது? இதைக் கிழிச்சுப் போடு. இலவசப் படிவம் வந்தாச்சு. பாப்பா, இதுல போடும்மா, நான் பார்க்கிறேன்."

உதவியாளர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பெரியப்பாவின் வாயைப் பார்த்தார். அங்கே வாதாட இடமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

ஆக, எங்கள் அக்காவுக்கு ஒரே காலையில் ஒரே ஆளோடு இரண்டு தடவை கல்யாணம் நடந்தது. காசு கொடுத்தது செல்லவில்லை, இலவசம் செல்லுபடியானது. அவள் ஒவ்வோர் எழுத்தாகப் போடுவதைப் பெரியப்பா குனிந்து, மூக்கு காகிதத்தில் படுமளவு பார்த்தார். மாப்பிள்ளையும் போட்ட பிறகு, பெரியப்பா சாட்சி போட்டார். அதற்குக் கீழே அப்பா போட்டார்.

அதன் பிறகு எல்லோரும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நடுவில் போட்ட இரண்டு நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன. கிழித்த படிவத்துக்குக் காசைத் திருப்பிக் கேட்க இருவரும் எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள்.